பூட்டு என்னிடம், சாவி அவரிடம்

மலாக்காவில் வயர்மேன் வேலை பார்த்த காலத்தில் நான் மாட்டாத டைமர் இல்லை. கோயில் விளக்கு, கடை போர்டு, கோழிப் பண்ணைக் காற்றாடி. டைமர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாம் வைத்த நேரத்துக்கு சுவிட்சைப் போடும், அணைக்கும். அது யாருக்காக என்பது அதற்குத் தெரியாது. மாட்டச் சொல்கிற மனிதனுக்காவது தெரிய வேண்டும்.

நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். மத்தியானத்தில் தண்ணீர் வருவதில்லை, பம்ப் ரிப்பேர் என்றார்கள். நான் போனபோது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் சரோஜா அக்கா நின்றிருந்தார். காலையெல்லாம் புல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்து சிவந்து தடித்திருந்தது.

"ஒரு வாளி தண்ணி கெடச்சா போதும் தம்பி. மருந்தோட ஒக்கார முடியல, எரியுது."

வேனில் இருந்த குடிதண்ணீரைக் கொடுத்தேன். அது கழுத்துக்குக்கூடப் பத்தவில்லை.

ஆபீஸில் சாவி வாங்கி பம்ப் ரூமைத் திறந்தேன். பம்பில் ஒரு கோளாறும் இல்லை. டைமர்தான் பழசு, பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். அங்கே இடி இடித்தாலே கரண்ட் போகும். இப்படிப் பின்தங்கிப் பின்தங்கி, மத்தியானத் தண்ணீர் இருட்டும் நேரத்துக்குப் போயிருந்தது.

மேனேஜரிடம் சொன்னேன். பேட்டரி வைத்த டைமர் மாற்றலாம், அதுவரை யாராவது முள்ளைச் சரியாகத் திருப்பி வைத்தால் போதும் என்றேன். அவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது தெரியும்லா. லேட்டா வந்தா கொஞ்சமாத்தான் புழங்குவாங்க, தண்ணி மிச்சம்தானே. நீ பூட்டிட்டுப் போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் செய்தவரென்றால் விளக்கிச் சொல்லலாம். தெரிந்தே ஒரு பொம்பளையை விஷத்தோடு நிற்க வைக்கிறவரிடம் என்ன பேசுவது? அவர் பங்களாவுக்குத் தனி பம்ப். அதற்கு டைமர் கிடையாது.

பம்ப் ரூமுக்கு அக்காவைக் கூட்டிப்போய் முள்ளைக் காட்டினேன். அவரே திருப்பினார். பம்ப் ஓடியது. குழாயில் தண்ணீர் வந்ததும் சட்டையோடு அதனடியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

சாவியை ஆபீஸில் கொடுத்தேன். பம்ப் ரூமைப் பூட்டாமல், பூட்டை வேனில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அதோடு அந்தத் தோட்டத்து வேலை போயிற்று. வயர்மேன் திருடன் என்று மேனேஜர் சொல்லித் திரிந்தாராம். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: டைமரில் நேரம் வைக்குமுன், அந்தத் தண்ணீரில் குளிக்கப்போகிறவரைக் கேளுங்கள்.

பூட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் மேனேஜர் மருந்து அடித்துவிட்டு, குளிக்காமல் வந்து கேட்கட்டும்.