டாக்டரம்மா வேறு கப்பலுக்குப் போன கதை

1. முதலாளி சொன்ன இரண்டு பாடம்

தொண்ணூறுகளில் டுரியான் துங்கால் என்ற சின்ன ஊரில் ஒரு வீடியோ வாடகைக் கடையில் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் நாள் முதலாளி பாய் எனக்கு இரண்டே பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"திரும்பி வர்ற டேப்ப ரீவைண்ட் பண்ணாம ரேக்ல வைக்காதம்மா. கஸ்டமர்கிட்ட கதையச் சொல்லாத. கதை தெரிஞ்சா எவன் எடுப்பான்?"

முதல் பாடத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. இரண்டாவதைத்தான் மீறினேன்.

கடையில் தமிழ்ப் படங்களுக்கு அடுத்தபடியாக ஓடியது ஓர் ஆங்கிலத் தொடர். விண்வெளியில் அலைகிற ஒரு கப்பல், அதில் ஒரு கேப்டன், காதே இல்லாத ஒரு இன்ஜினியர், எல்லோருக்கும் பிடித்த ஒரு டாக்டரம்மா. ஐந்து வருடம் ஓடி முடித்து ஆறாவது வருடம் தொடங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் அதைக் 'கப்பல் படம்' என்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு டேப் கோலாலம்பூரிலிருந்து வரும். ஒரு டேப்பில் இரண்டு பாகம்.

பத்து பெரண்டாம் ஊரிலுள்ள ஃபேக்டரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் புரியும். தோட்டத்து ஆட்களுக்குப் புரியாது, சப்டைட்டிலும் கிடையாது. பாதி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு டேப்பையும் முதலில் நானே பார்த்து, கதையைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி கவருக்குள் வைக்கத் தொடங்கினேன். பாய் முதலில் சத்தம் போட்டார். தோட்டத்து ஆட்கள் வரிசையாக வர ஆரம்பித்ததும், சீட்டு எழுத அவரே ஒரு கட்டுத் தாள் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

2. புஷ்பம் அக்கா கேட்ட உதவி

மாணிக்கம் அண்ணன் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி டிரைவர். அந்த வருடத்து நான்காவது டேப் வந்த சமயத்தில் லோரி கவிழ்ந்து, கால் முறிந்து, தோட்டத்து லைன் வீட்டில் படுத்துவிட்டார். டேப் எடுக்க அவர் மனைவி புஷ்பம் அக்கா வருவார். லைனில் பாதிப் பேர் அவர்கள் வீட்டில்தான் கப்பல் படம் பார்த்தார்கள். அண்ணன் படுத்தபடியே என் சீட்டைச் சத்தமாக வாசிப்பாராம், டேப்பை நிறுத்தி நிறுத்தி விளக்கமும் சொல்வாராம். அந்த நாட்களில் அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

ஐந்தாவது டேப்பில் டாக்டரம்மா செத்துப்போனார். அந்த நடிகைக்கும் கம்பெனிக்கும் ஒத்துவரவில்லை என்று ஃபேக்டரிப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். கதையில் ஏதோ ஒரு நோய் வந்து இறக்கிறார். உடலை வெள்ளிநிறப் பெட்டியில் வைத்து விண்வெளியில் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதி வைத்திருந்தேன். புஷ்பம் அக்கா கவுண்டரில் நின்று சீட்டைப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, இத மாத்தி எழுதிக் குடும்மா."

"ஏங்க்கா?"

"இவரோட லோரில கெலிண்டானா, குலை ஏத்தி எறக்க, போன பையன், செல்வம். அவன் அன்னைக்கே போயிட்டான். இவருக்குத் தெரியாது. மூவார்ல அவனோட அண்ணன் வீட்ல இருந்து தேறிகிட்டு வர்றான்னு சொல்லி வச்சிருக்கோம். இவருக்கு நெஞ்சு வீக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. லைன் முழுக்க வாயக் கட்டி வச்சிருக்கேன். எழவுன்னு ஒரு பேச்சு வீட்டுக்குள்ள வரக்கூடாதுலா."

எனக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. படுக்கையில் கிடக்கிறவரிடம் சாவுச் சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். என் சித்தி பிரசவித்துக் கிடந்தபோது அவர் அப்பா இறந்ததை நாற்பது நாள் மறைத்தோம். தோட்டத்துக்குப் போகிற எல்லாச் சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன்: 'டாக்டரம்மா பிழைத்துக்கொண்டார். மேல்சிகிச்சைக்காகத் தூங்கும் பெட்டியில் வைத்து வேறு கப்பலுக்கு அனுப்புகிறார்கள்.'

3. ஒன்றுக்குப் பின் ஒன்று

ஆறாவது டேப்புக்கு வந்த புஷ்பம் அக்கா, "டாக்டரம்மா எப்ப வருவாங்கன்னு கேக்குறாரு" என்றார். கடிதம் வந்திருக்கிறது, உடம்பு தேறுகிறது என்று எழுதினேன். ஏழாவதில் புதிதாக ஓர் ஆண் டாக்டர் வந்துவிட்டார். அவர் தற்காலிகம் என்று எழுதினேன். எட்டாவதில் கேப்டன் டாக்டரம்மாவின் அறையில் தனியாக உட்கார்ந்து அவர் சாமான்களைப் பெட்டியில் அடுக்குகிறார். அறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. அசல் கதையைவிட என் கதை நன்றாக இருப்பதாக நினைத்தேன்.

4. சனிக்கிழமை காலை

எட்டாவது டேப் வந்த மறுவாரமே மாணிக்கம் அண்ணன் கடைக்கு வந்துவிட்டார். இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி, பஸ் பிடித்து, தனியாக. லைன் பையன் ஒருவனை விட்டு மறுபடி வாடகைக்கு எடுத்திருந்த ஐந்தாவது டேப்பைக் கொடுத்து, கடை டெக்கில் போடச் சொன்னார். பெட்டியைத் தள்ளிவிடுகிற இடம் வந்ததும், "நிறுத்து" என்றார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா. மனுசன் மூஞ்சி தெரியும். வேற கப்பலுக்குப் போறவளுக்கு எவனாச்சும் இப்படி நின்னு அழுவானா?"

"பிரிஞ்சு போறாங்கன்னு வருத்தம்ணே..."

"எனக்குக் காது குத்தாத. சாமான மூட்ட கட்டறதுக்கு பெயின்ட் அடிக்கறதுன்னு எழுதியிருக்க. ஒனக்கு எதுக்கு இந்த வேல? டேப் எடுக்க வர்றது புஷ்பம். அவதான் கேட்டிருக்கணும். படத்துல ஒரு டாக்டர் செத்தா எனக்கு என்ன வந்துருச்சு? அவ எதுக்குப் பயப்படுறா? தேறிகிட்டு வர்றான்ங்கற பையன் ஒரு தடவகூட வந்து என்னப் பாக்கல. ரெண்டு நாளா இதே யோசன."

ஒரு கட்டையைக் கவுண்டரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"செல்வம் எப்பம்மா செத்தான்?"

பாய் கவுண்டரை விட்டு எழுந்துவிட்டார். அதற்குமேல் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. "அன்னைக்கேண்ணே. லோரியிலயே" என்றேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வண்டி ஓட்டுனவன் நானு. எழவுக்குப் போகல, கருமாதிக்குப் போகல. மஸ்ஜித் தானா ஊர்ல அவன் அம்மா ஒத்தையில இருக்கு. கொன்னுபுட்டு எட்டிப் பாக்கலையேன்னு அது நெனச்சிருக்கும். நா இங்க கப்பல் படம் பாத்துகிட்டு சிரிச்சிகிட்டிருந்தேன்."

நான் கூனிக் குறுகிப்போனேன். பாய் கடையைப் பாதி சாத்தி, கார் சாவியை எடுத்தார். "வாங்க மாணிக்கம், போலாம். நீயும் ஏறும்மா" என்றார்.

கதவைத் திறந்த செல்வத்தின் அம்மா அண்ணனைக் கண்டதும் வாசலுக்கு வந்தார். அண்ணனால் கும்பிடக்கூட முடியவில்லை, இரண்டு கையிலும் கட்டை. "எனக்கு யாருமே சொல்லலம்மா. இன்னைக்குத்தான் தெரியும்" என்றார்.

"டிரைவர் அண்ணன் ஏன் வரலைன்னு வந்தவங்ககிட்டல்லாம் கேட்டேனே" என்று சொல்லி அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அண்ணனும் அழுதார். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருவரிடம் சேதியை மறைக்கும்போது, அவர் வருவார் என்று இன்னொரு வீட்டில் ஒருவர் காத்திருக்கக்கூடும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. திங்கட்கிழமை ஒன்பதாவது டேப் வந்தது. கதையை எழுதுவதற்கு முன், எல்லாச் சீட்டிலும் முதலில் இதை எழுதினேன்: 'டாக்டரம்மா ஐந்தாவது டேப்பிலேயே இறந்துவிட்டார். மாற்றி எழுதியது நான்.'