புகார் கொடுக்கப் போனவள்

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு நான் எழுதி, தவளக்குப்பத்தில் ஸ்பைரல் போட்டு விற்ற நோட்ஸ் டெலிகிராமில் ஓசியாகச் சுற்றுகிறது என்று என் டியூஷன் பிள்ளைகளே வந்து சொன்னார்கள். ஆத்திரத்தோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். திருட்டு என்றால் திருட்டுதான், அது கரும்புக் கட்டாக இருந்தாலும் புத்தகமாக இருந்தாலும் என்று உரக்கவே பேசினேன். ஸ்டேஷன் ரைட்டர் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"நீங்க எழுதனதுதான்னு இன்னா ஆதாரம் மேடம்?"

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், இதயத்தின் படத்தில் நிறுத்தினார்.

"படமும் நீங்களே போட்டதா? சூப்பரா கீது."

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. ஒரு கைடில் இருந்து எடுத்தேன் என்றேன். கைடு வாங்கினீர்களா என்று கேட்டார். நெட்டில் சும்மா இறக்கியதுதான் என்றேன். மற்ற படங்களும் அதிலிருந்துதான் என்பதை, அவர் கேட்காமலே என் பாழாய்ப்போன வாய் சொல்லிவிட்டது.

"சார், புகாரே வேணாம். கிழிச்சுடுங்க, நான் கெளம்பறேன்."

"அதெப்டி மேடம்? நீங்க சொன்னத எல்லாம் எழுதிட்டனே."

என் பெயரும் முகவரியும் தாளின் மேலேயே இருந்தன. அவருடைய இடது கை லேப்டாப்பின் மேல் இருந்தது. எழுந்துவிட்ட நான் மறுபடி உட்கார்ந்தேன்.

அவர் குரலில் கேலியே இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

"எதிரி, அதான் குத்தம் பண்ணவங்க, பேருன்னு ஒரு எடம் காலியா கீது. யார் பேர எழுதறது மேடம்?"