பாதி வேகத்தில் ஓடிய கணினி

பட்டுக்கோட்டையில் என் இ-சேவைக் கடையில் அன்று பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். விவசாயிகள் தெரு வரை நின்றார்கள். காலையில் மின்சாரம் போய் வந்ததிலிருந்து என் பழைய கணினி ஒரு பக்கம் திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்தது.

வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, காதில் செருகிய பேனா.

"நெட்டு மேல தப்பில்லைங்க. ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போடுங்க, பாக்குறேன்."

எனக்குப் பயம்தான். இது அடியோடு நின்றுவிட்டால் இத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஆனாலும் எழுந்து இடம் கொடுத்தேன். ஒவ்வொரு விசையைத் தொடும் முன்பும் அவர் என் முகத்தைப் பார்த்து, "அமுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

கணினி அணைந்து மறுபடி எழும்போது தொடக்கத் திரையில் ஓர் எண்ணைக் காட்டினார். "பிராசஸர் பாதி வேகத்துல கெடக்கு பாருங்க. உள்ள இருக்குற சின்ன பேட்டரி செத்துப்போச்சு. கரண்டு போனதும் செட்டிங் மறந்துடுச்சு."

அதைச் சரிசெய்துவிட்டு எழுந்தார். பக்கங்கள் சட்டென்று திறந்தன.

"வேகத்தக் கூட்டிட்டீங்களா? சூடாயிடாதா?" என்றேன்.

"கூட்டலைங்க. அதுக்குன்னு இருக்குற வேகந்தான். நாளைக்கு அந்த பேட்டரிய மாத்திடுங்க."

"உங்க சிட்டாவக் கொடுங்க, மொதல்ல போட்டுடுறேன்."

"எனக்கு நெலம் இல்லைங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, தொணைக்கு வந்தேன். அவங்க மொற வரட்டும்."

திரும்பிப் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மாலைக்குள் எல்லோருக்கும் பதிந்து முடித்தேன். அன்று நான் அடித்த அத்தனை பெயர்களில் அவர் பெயர் மட்டும் இல்லை.