மின்கம்பத்துக்குக் கும்பிடு

என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று பக்தி வந்தது. அதுவரைக்கும் தறி உண்டு, பீடி உண்டு என்று இருந்தவர், என்னோடு பிரதோஷத்துக்கு வரும்போது வழியில் இருக்கிற சின்னச் சின்னக் கோயிலுக்கெல்லாம் நின்று, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் ஊரில் பத்தடிக்கு ஒரு சாமி. அபிஷேகம் தவறிப்போகுமே என்று எனக்குப் பதைப்புதான், ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம். காமாட்சியம்மா கண் திறந்துட்டா என்று பக்கத்து வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

ஒருநாள் மின்கம்பத்தின் எதிரில் நின்று கும்பிட்டார்.

"இங்க இன்னாங்க சாமி இருக்குது?"

"கரண்டு குடுக்குதே, அது சாமி இல்லியா?" என்றார். முகமெல்லாம் வேர்வை. விடாமல் கேட்டேன்.

"கெண்டைக்கால கவ்வுதுமா. கொஞ்சம் நின்னா விட்டுடுது. சும்மா நின்னா போறவன் வர்றவன் இன்னான்னு கேப்பான். கும்பிட்டுக்கினு நின்னா எவனும் கேக்க மாட்டான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாமியையும் ஏமாற்றி, என்னையும் ஏமாற்றியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பாதத்தைப் பார்த்தால், கட்டைவிரலில் ஆறாத புண். தறி மிதித்து வந்த காய்ப்பு என்று அதையும் மறைத்திருக்கிறார்.

தொடையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, பீடி செய்த வேலை என்றார் டாக்டர். இன்னொரு காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து அடைப்பைத் தாண்டி ஒட்டவேண்டும், தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்கும்படி ஆகிவிடும் என்றார். இவரோ, "தறியில பாதிச் சேலை நிக்குது, அறுத்துக் குடுத்துட்டு வர்றேன்" என்கிறார்.

"சேலைய வேற ஆள் நெய்வாங்க. உங்க கால யார் நெய்வாங்க?" என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், டாக்டர் என் விரலைப் பிடித்து இவர் பாதத்தின் மேல் வைத்தார். நாடி லேசாகத் துடித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கால்தானே வலிச்சுது? நல்லா இருந்த காலையும் கிழிச்சுட்டீங்களே" என்றார்.

தாயே, காலைக் காப்பாற்றிக் கொடுத்தாய், அது போதும். வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.