கடுகண்ணாவ இறக்கத்தில் நியூட்ரல்

போன கிழமை கண்டியிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் என் தங்கை வதனியும். கனடாவிலிருந்து பதினொரு வருடங்களுக்குப் பிறகு வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

காரணம்? அப்பாவின் பழைய மொரிஸ் மைனரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டேன். அப்பாவின் செத்தவீட்டுக்கு அவளால் வர முடியவில்லை. அந்தக் காரிலாவது ஒரு தடவை ஏறி இருக்கலாம் என்று நினைத்து வந்தாளாம். நானோ அதை விற்று வாங்கிய, பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடும் ஹைபிரிட் காரில் அவளை ஏற்றிக்கொண்டு போகிறேன்!

சங்கடத்தை மறைக்க மைலேஜ் கதையை எடுத்தேன். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம்...

"தூரப் பயணத்தில எல்லாம் காலிலதான் இருக்கு, வதனி. ஒரே வேகத்தில போகோணும். முன்னால பஸ் நிக்கப்போகுது எண்டு தெரிஞ்சா இப்பவே காலை எடுக்கோணும். பிரேக்கை நேரத்தோட, மெதுவாத் தொட்டா பற்றறி சார்ஜ் ஆகும்."

"ம்."

"ரயருக்கு விடியவே காத்துப் பாக்கோணும். ஏசி இருபத்தாறு—"

"அப்பா ஏசி இல்லாமத்தானே எங்களை எல்லா இடமும் கொண்டுபோனவர்."



அப்பா கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். பெற்றோலை இருமல் மருந்து போல அளந்து பாவிப்பார். கண்டி வீதியில் கடுகண்ணாவ மலை இறக்கம் வந்தால் நியூட்ரலுக்குத் தட்டி, எஞ்சினையும் நிறுத்திவிடுவார். (நீங்கள் செய்துவிடாதீர்கள்!) அவ்வளவு நேரமும் இரைந்த கார் திடீரென்று ஊமையாகிவிடும். பின் சீற்றில் நானும் வதனியும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகும்வரை வாய் திறந்தவர் தோற்றார். முன் சீற்றில் அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வருவார். அதனால் எப்போதும் அம்மாவுக்குத்தான் தோல்வி.

எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

ஹைபிரிட் வாங்கிய புதிதில் நானும் பழக்கதோஷத்தில் அங்கே நியூட்ரல் போட்டவன்தான். "எப்பா மஹத்தயா, எப்பா!" வேண்டாம் ஐயா, வேண்டாம் என்று பாமன்கடை கராஜ்காரர் சிங்களத்தில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். நியூட்ரலில் போட்டால் பற்றறி சார்ஜ் ஆகாதாம். காலை எடுத்தால் போதும், மிச்சத்தைக் காரே பார்த்துக்கொள்ளுமாம்.

இதோ, அதே இறக்கம். காலை எடுத்தேன். எஞ்சின் தானாக நின்றது. கார் சத்தமில்லாமல் வளைவில் இறங்கியது.

வதனி ஜன்னலைத் திறந்தாள். ஏசி ஓடும்போது ஜன்னல் திறக்கக் கூடாது என்பது என் காரில் சட்டம். அதைச் சொல்லத் திரும்பினேன்... அவள் உதட்டை இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில்!

நானும் பிடித்துக்கொண்டேன். அப்பாவை அவ்வளவு பக்கத்தில் உணர்ந்து பல வருடமாகிறது.

கீழே வந்ததும் எஞ்சின் மெல்ல முனகியது.

"இவ்வளவு தூரத்துக்கும் ஒரு சொட்டுப் பெற்றோலும் போகேல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை."

ஜன்னலை மூடினாள்.

"அப்பா இருந்திருந்தா, இதை வாங்க மொரிஸை அவரே வித்திருப்பார் அண்ணா."

அதன் பிறகு வெள்ளவத்தை வரை அவள்தான் கதைத்தாள். அன்றைக்கு மைலேஜ் எவ்வளவு என்று கேட்காதீர்கள்... நான் பார்க்கவே இல்லை.