மூன்றாவது மேசை

பிடிவாதம் பிடித்தால் ஒற்றைக் காலில் நிற்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘ஒத்தக்கால்’ என்றே பெயர். முதலில் அப்பா கூப்பிட்டார், பிறகு அண்ணன், கடைசியில் மாடி வீட்டுக்காரரும். கல்லூரி இறுதியாண்டில் அவள் பிடித்த பிடிவாதம், முதலீட்டு வங்கியில் வேலைக்குச் சேர்வது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது விலை மதித்து, பேரம் பேசி முடித்து வைக்கிற வேலை.

“தரகு வேலைன்னு சொல்லேன்,” என்றான் லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன்.

“கோட்டு போட்ட தரகுண்ணா.”

அவள் படித்த கல்லூரி, பேருந்து வட்டமடித்துத் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் இருந்தது. மோசமான கல்லூரி என்று சொல்ல முடியாது. பெயர்பெற்றதும் இல்லை. ஆள் எடுக்கப் பெரிய வங்கிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இணையத்தில் விண்ணப்பித்தால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அதன் பெயரே கிடையாது. அடியில் இருக்கும் ‘மற்றவை’யை அழுத்துவாள். தேநீர் ஆறுவதற்குள் ‘வருந்துகிறோம்’ வந்து விழும்.

உள்ளே ஓர் ஆள் தெரியாமல் அந்தக் கதவு திறக்காது என்று புரிந்ததும் ஆள் தேட ஆரம்பித்தாள். கல்லூரி விளையாட்டறைச் சுவரில், டேபிள் டென்னிஸில் வென்றவர்களின் பெயர்ப்பலகை ஒன்று தூசி படிந்து தொங்கியது. ஒரு பெயர் விடாமல் இணையத்தில் தேடினாள். ஒருவர் சிக்கினார். பெரிய முதலீட்டு வங்கி ஒன்றில் இயக்குநர். ‘நம் கல்லூரியில் படித்த உங்களிடம்’ என்று தொடங்கி மெயில் எழுதி, இரண்டு முறை பிழை பார்த்து அனுப்பினாள்.

பதில் ஒற்றை வரியில் வந்தது. ‘நான் அங்கே படித்தேன் என்று யார் சொன்னது?’

அப்போதுதான் அவருடைய இணையப் பக்கத்தை மறுபடி பார்த்தாள். வெளிநாட்டு மேற்படிப்பு இருந்தது. அதற்கு முன் என்ன படித்தார் என்பது எங்கேயும் இல்லை. இத்தனை வருடம் அவர் மூடி வைத்திருந்ததை இவள் போய்த் திறந்திருக்கிறாள்.

“இருந்த ஒரே கதவையும் எட்டி உதைச்சுட்டேண்ணா.”

“பொய்யா எழுதின? இல்லதானே. பலகைல பார்த்தேன்னு எழுது.”

எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அதே வங்கியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அவர் சொல்லி வந்ததா, தானாக வந்ததா, தெரியாது.

வீட்டில் பயிற்சி நடந்தது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி வாசிப்பான்.

“கணக்குல மெஷின் தேய்மானம் பத்து ரூபா கூடினா என்ன ஆகும்?”

“லாபம் குறையும். அதனால வரியும் குறையும். மிச்சமான வரி அளவுக்குக் கையில பணம் கூடும்.”

“லாபம் குறைஞ்சா பணம் கூடுதா! இது மட்டும் எங்க முதலாளிக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான்.”

பதில் சரியா தவறா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் லிஃப்ட் எந்த மாடியில் திணறுகிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன். அவள் குரல் திணறிய இடத்திலெல்லாம், “திரும்பச் சொல்லு,” என்றான்.

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் அந்த இயக்குநர். முன்பின் தெரியாதவர் போலத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தேய்மானக் கேள்வி வந்தது. திணறாமல் சொன்னாள். பிறகு கண்ணாடி போட்ட பெண் அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“இந்தக் காலேஜ் எங்கம்மா இருக்கு? கேள்விப்பட்டதே இல்லையே. அங்கேருந்து யாராவது இந்தத் தொழிலுக்கு வந்திருக்காங்களா?”

ஆமாம் என்றால், யார் என்று கேட்பார். இல்லை என்றால் பொய். அவள் அவர் பக்கம் திரும்பாமல் மேசையையே பார்த்தாள்.

“அதை அவங்களேதான் சொல்லணும் மேடம்.”

மூடி திருகும் சத்தம் நின்றது.

“பஸ்ஸு திரும்புற கடைசி ஸ்டாப்பு,” என்றார் அவர். “கேன்டீன்ல மூணாவது மேசை ஆடும். பேப்பரை மடிச்சுக் கால்ல வெக்கணும்.”

“இன்னும் ஆடுது சார்.”

பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களா? சொல்லவே இல்லையே!”

“யாரும் கேக்கலையே.”

அதற்கப்புறமும் அவளை எளிதில் விடவில்லை. ஒரு கம்பெனியின் கணக்கைக் கொடுத்து, தனி அறையில் உட்கார வைத்து, விலை மதிக்கச் சொன்னார்கள். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த வாரம் போன் வந்தது. வேலை அவளுக்குத்தான்.

சேர்ந்த பிறகு ஒரு நாள் அவருடைய பக்கத்தைத் திறந்து அண்ணனிடம் போனை நீட்டினாள். மேற்படிப்புக்குக் கீழே ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது. கிரீஸ் படியாத விரலால் அவன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே.”

“எல்லா வரியும் அதே அளவுதாண்ணா.”