மஞ்சள் கண்ணுக்கு அண்ணன் சொன்ன காரணம்

பிள்ளைகளா, உங்கள் அப்பா ஒரு காலத்தில் குடித்தார் என்றே நினைத்திருக்கிறீர்கள். நான் குடித்ததில்லை. உங்கள் பெரியப்பா மகளுக்குப் பிள்ளைகள் வளர்ந்தாயிற்று. இனிச் சொல்லலாம்.

எனக்கு மூத்திரப்பைக்குக் கீழே, புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். மதுரையில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆண்மைச் சுரப்பை அடக்குகிற மாத்திரை என்றார். உங்கள் அம்மாவிடம் அதை எந்த வாயால் சொல்வது? ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த என் அண்ணன், உங்கள் பெரியப்பாவுக்கு மட்டும் தெரியும். வேளை தவறாமல் விழுங்கினேன். சில மாதத்தில் சோறு இறங்கவில்லை, கண் மஞ்சளித்தது.

அப்போதுதான் வாடிப்பட்டியில் பெரியப்பா மகளுக்குப் பூ வைத்தார்கள். பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னை உற்றுப் பார்த்தார்.

“என்ன சம்பந்தி, கண்ணு ரெண்டும் மஞ்சத்தண்ணி ஆடி வந்திருக்கு? எம்புட்டு உள்ள போச்சு?”

வரிசையே சிரித்தது. பக்கத்து இலையில் இருந்த அண்ணனைப் பார்த்தேன். மருந்து சாப்பிடுகிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அண்ணன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “நாஞ் சொன்னா எங்க கேக்குறான்? நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க” என்றார்.

பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த உங்கள் அம்மா, என் இலையைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் பின்னால் நீங்கள் நின்றிருந்தீர்கள்.

கை கழுவும்போது கேட்டேன். “ஏண்ணே இப்படிப் பண்ணீக?”

“சித்தப்பன் குடிகாரன்னா சிரிச்சிட்டுப் போயிருவாக. புத்துநோயின்னா குடும்ப வியாதின்னு பொண்ணையே வேணாம்பாக. பொறுத்துக்கடா.”

மறுநாள் டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். “இன்னையோட மாத்திரைய நிப்பாட்டுங்க. சில பேருக்கு ஈரலக் கெடுத்துரும்.”

“முன்னாடியே சொல்லலையே சார்.”

“சொல்லியிருந்தா பயந்துபோய்ச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.”

ஒருவர் என் நல்லதுக்கு மறைத்தார், இன்னொருவர் மகள் நல்லதுக்குப் பொய் சொன்னார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவள் கழுத்தில் தாலி ஏறும்வரை வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். அதற்குள் குடிகாரன் என்ற பேர் ஊரில் நிலைத்துவிட்டது. ஊருக்குச் சொல்லாமல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டேன்; மாத்திரை நின்றதால் ஈரலும் மெல்லத் தேறியது. அதையும் குடியை விட்டதால் தேறியது என்றார்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொன்ன அன்று டாக்டரிடமிருந்து கோச்சடையில் நம் வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன். சவரக் கண்ணாடி முன் நின்று, உள்ளங்கையைக் குவித்து ஊதி, மோந்து பார்த்தேன்.